ஐஸுக்கு உள்ளே ஒரு கோடு

போன மாதம் திருப்பூணித்துறையிலிருந்து அஞ்சு என்று ஒரு இஞ்சினியர் பெண் மட்டாஞ்சேரியில் என் வீட்டைத் தேடி வந்தாள். நகரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் ஸ்கேட்டிங் ரிங்க்கில் ஐஸுக்குப் பொறுப்பு அவள்தான். ஒரு சாயாவை ஆற வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், திறப்பதற்கு முன்னால் ஒருமுறை வந்து ஐஸைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். அது மட்டும் நடக்காது என்றேன். முட்டி வலியா இக்கா என்று கேட்டாள். முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. தினம் ஐந்து வேளை மடங்கி நிமிர்கிற முட்டி அது.

விஷயம் வேறு. இந்த முட்டியை ஐஸில் ஊன்றிப் பார்த்து நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு பெண், போனால் உயிர் போகலாம் என்று தானே பயந்த இடத்துக்குக் கிளம்பிப் போனார். அதை விட்டுவிட்டு வெந்நீர் எத்தனை டிகிரி என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். எனக்கு எழுத வருவது தமிழ்தான். அஞ்சுவுக்கு மலையாளம்தான் படிக்க வரும். யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

என் தொழில் கொச்சங்காடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனியில் ஆரம்பித்தது. கடும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தகர டப்பாக்களை இறக்கி, அடுத்த நாள் ஐஸ் பாராகத் தூக்குவோம். முதல் ஐந்தாறு வருஷம் நான் செய்ததெல்லாம் தூக்கியதும் வசவு வாங்கியதும்தான். ஆனால் ஐஸைப் பார்க்கப் பழகினேன். நல்ல பார் கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு புகை நிற்கும். அந்தப் புகை கோணலாக இருந்தால் பார் எந்த இடத்தில் உடையும் என்று தூக்கும்போதே சொல்லிவிடுவேன். எது மேலே பட்ட கீறல், எது உள்ளே விழுந்த விரிசல் என்று எனக்கு விரல் வைக்காமலே தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருகிற விஷயத்துக்கு இது வேண்டும்.

பிறகு நகரத்து மால் ஒன்றில் ஸ்கேட்டிங் ரிங்க் வந்தபோது குளிர்பதன மெஷின் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். இத்தனை காலம் மீனைக் குளிர வைத்தாய், இனி மனுஷனைக் குளிர வை என்று என் மச்சான் கிண்டல் செய்தான். போய்ப் பார்த்தால் வேலை நேர்மாறாக இருந்தது. கம்பெனியில் ஐஸ் கனமாக இருந்தால் நல்லது. இங்கே ஒன்றரை இஞ்ச்தான். அதற்குக் கீழே வெள்ளை பெயிண்ட், அதற்குக் கீழே கான்கிரீட்டில் புதைந்த பைப்புகள், அவ்வளவுதான். மேலே கீறல் விழுந்தால் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது, வெந்நீர் ஊற்ற வேண்டும். வெந்நீர்தான் கீறலின் ஓரத்தை உருக்கி, அதற்குள் இறங்கி, பழைய ஐஸோடு ஒன்றாகும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் யிட்கா. செக் நாட்டுக்காரர். சின்ன வயதில் அந்த நாட்டுக்காக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிகளில் ஆடியவர். அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ரிங்க்கில் கோச்சாகவும் எங்களுக்கெல்லாம் மேலதிகாரியாகவும் வந்து, மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் மாடியில் குடியிருந்தார். வெள்ளைக்காரி என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் மதாம்மா. அவருடைய இங்கிலீஷும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை, அதனால் நாங்கள் பேசியது நன்றாகவே புரிந்தது. இங்கே அதைத் தமிழில் எழுதுகிறேன்.

வந்த முதல் நாள் அவர் என்னிடம் கேட்ட கேள்வி சம்பளத்தைப் பற்றியோ மெஷினைப் பற்றியோ இல்லை. "இந்த ஊரில் தண்ணீர் தானாக உறையாது, இல்லையா?" என்று கேட்டார். நம் காயல் தண்ணீர் டிசம்பரில்கூட கஞ்சி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும், நான் போட்டால் ஒழிய இங்கே ஐஸ் கிடையாது என்றேன். அவர் தலையாட்டினார். வெயில் நாடாகத் தேடித் தேடி வேலை பார்த்து வந்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் தேவலை என்று இருக்கும். நான் வெந்நீர் விட்டு ஈரத் துணியால் இழுத்துச் சமன்படுத்திய இடத்தில் ஒரு மேடு நின்றால், கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்ப்பார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்வார். நான் மறுபடி இழுத்து முடிக்கும் வரை எழுந்திருக்க மாட்டார். ஒரு நாள் நான்கு முறை இழுத்தேன். நான்காவது முறை வாய்க்குள் நான் முணுமுணுத்தது அவருக்குப் புரிந்திருக்காது என்று நம்புகிறேன்.

மால் பத்து மணிக்குத் திறக்கும். நான் ஏழுக்கே வந்து தளத்தைப் புதுசாக்கி வைப்பேன். ஏழரையிலிருந்து ஒரு மணி நேரம் அவருடைய நேரம். இசை கிடையாது, குதிப்பு கிடையாது. புது ஐஸில் ஒற்றைக் காலில் ஒரு வட்டம், கால் மாற்றி அதை ஒட்டி இன்னொரு வட்டம், எட்டு என்று எழுதின மாதிரி. அவ்வளவுதான். அவர் காலத்தில் போட்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மார்க் இதற்குத்தான் இருந்ததாம். ஆடுவதைப் பார்த்து மார்க் போட மாட்டார்கள். ஆடியவர் ஒதுங்கி நின்ற பிறகு, நடுவர்கள் கோட் சூட்டோடு ஐஸில் குனிந்து, விழுந்த கோட்டைப் பார்ப்பார்களாம். போட்டியில் மூன்று முறை சுற்ற வேண்டும். எங்கள் ரிங்க்கில் அவர் சுற்றியது ஒரே ஒரு முறை.

கோட்டை வாசிக்க எனக்கும் சொல்லித் தந்தார். ஷூவுக்குக் கீழே இருக்கிற பிளேடின் அடியில் இரண்டு விளிம்பு இருக்கிறது. காலைச் சாய்த்து ஓடினால் ஒரு விளிம்புதான் படும், ஒரே கோடு விழும். நேராக நிமிர்ந்துவிட்டால் இரண்டு விளிம்பும் பட்டு, அரிசி அகலத்தில் இரட்டைக் கோடு விழும், அது தப்பு. தூக்கிய கால் தெரியாமல் தரையைத் தொட்டால் தள்ளி ஒரு கோடு விழும். அது அதைவிடப் பெரிய தப்பு. ஆளுக்கு ஆள் கையெழுத்து மாதிரி கோடும் மாறும் என்றார். அவருடைய வட்டம் மூடுகிற இடத்தில் ஒரு மயிரிழை வெளியே போகும். அவர் பார்த்து முடித்த பிறகுதான் நான் வெந்நீர் விட வேண்டும். பார்க்காத கோட்டை அழிக்கக்கூடாது. அது அந்தத் தொழிலின் மரியாதையாம்.

அவர் வந்த பிறகு முதல் மழைக்காலம் முடிந்த சமயம் இன்னொரு கோட்டைப் பார்த்தேன். அவருடைய வட்டத்துக்கு உள்பக்கமாக, ஒரு சாண் தள்ளி, கூடவே ஓடியிருந்தது. கால் தொட்டிருக்கிறது, வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவரும் கவனித்துவிட்டு ஒதுங்கினார். நானும் வெந்நீர் விட்டு அழித்துவிட்டேன். அழித்ததாக நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். தண்ணீர் இறுகிய பிறகு பார்த்தால் அவர் கோடு போய்விட்டது, உள்கோடு அப்படியே நின்றது.

நான் குனிந்தேன். பிளேடு கீறினால் ஓரத்தில் வெள்ளையாகத் தூள் நிற்கும், தூள் இல்லை. விரலால் தடவினேன். மேலே ஐஸ் வழுவழுவென்று இருந்தது. கோடு ஐஸுக்கு உள்ளே, அடிப்பக்கத்திலிருந்து கீறியிருந்தது. கீழே யாராவது தலைகீழாக நின்று ஓடினால்தான் அப்படி விழும். கீழே இருப்பது பெயிண்டும் கான்கிரீட்டும்.  ஒரு மணி நேரத்தில் கோடு தானாக மங்கிப் போய்விட்டது. பைப்பில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாயா குடிக்கப் போனேன்.

பைப் கோளாறு வட்டம் போடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன! அதற்குப் பிறகு தினமும் பார்த்தேன். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. அவருடையதைவிட மெல்லிய கோடு, எடை குறைந்த ஆள் போட்டது. மூடுகிற இடத்தில் துல்லியமாக மூடும். ஒரு நாள் பாதி வட்டத்தில் அவருடைய லேஸ் அவிழ்ந்துவிட்டது. நின்று, ஓரமாகப் போய்க் கட்டிக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய்ப் பார்த்தேன். அவருடைய கோடு பாதியில் நின்றிருந்தது. மற்றது முழு வட்டமும் போய், மூடியிருந்தது. நிமிர்ந்தபோது அவர் லேஸைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

நான்காவது வருஷம் ரிங்க் நஷ்டம் என்று மூடப்போவதாகச் சொன்னார்கள். அந்த மாதம் யிட்காவுக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா இறந்துவிட்டார், வீடு இவர் பேரில் இருக்கிறது. வீட்டுக்கு எதிரே ஒரு குளம். குளிர்காலத்தில் அந்த ஊருக்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே பெஞ்சில் பக்கத்தில் உட்காரச் சொல்லி, சொன்னார்.

அவரும் ஏவா என்று ஒரு பெண்ணும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் பதினெட்டு வயது. காலையில் ரிங்க்கில் ஆளுக்கு ஒரு பட்டை ஐஸ் ஒதுக்குவார்களாம். இவர் பட்டைக்கு அடுத்தது ஏவாவுடையது. அந்த வருஷம் நாட்டு அணியில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. ரிங்க் மூடியிருக்கும் நாட்களில், வீட்டுக்கு எதிரே உறைந்து கிடக்கும் அந்தக் குளத்தில் பழகுவார்கள். அங்கே ஒரு முறை இருந்தது: முதலில் வந்தவர் ஒரு கம்பால் கரையிலிருந்து நடுக்குளம் வரை தட்டிக்கொண்டே போய், திரும்பி வந்து, தாங்கும் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் மற்றவர் மறுபடி தட்ட மாட்டார்.

"அன்றைக்கு நான் முதலில் வந்தேன். கரையோரம் மட்டும் தட்டினேன். குளிராக இருந்தது. தாங்கும் என்று சொல்லிவிட்டேன்" என்றார் யிட்கா. பிறகு, "சோம்பலா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, சையது" என்றார்.

நடுக்குளத்தில் ஐஸ் உடைந்து உள்ளே விழுந்த ஏவா, ஐஸுக்கு அடியில் நகர்ந்து போனதை இவர் மேலே நடந்தபடியே பார்த்திருக்கிறார். கொஞ்ச தூரம் இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருக்கிறார்கள், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அணியில் அந்த இடம் இவருக்குக் கிடைத்தது. போன இடத்திலெல்லாம் நடுவர்கள் இவருடைய வட்டத்துக்குள் இன்னொரு கோட்டைப் பார்த்து, கால் தொட்டுவிட்டது என்று மார்க்கைக் குறைத்தார்கள். ஒரே ஒரு கிழ நடுவர் மட்டும் கையுறையைக் கழற்றி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாராம். தடவிவிட்டு இவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு மார்க் எழுதினார். இவர் எந்தப் போட்டியிலும் மேலே வரவில்லை. சில வருஷத்தில் போட்டியிலிருந்தே அந்த வட்டங்களை எடுத்துவிட்டார்கள். நிம்மதியாக இருந்தது என்றார். ஆனாலும் காலையில் வட்டம் போடுவதை அவரால் விட முடியவில்லை.

"என் கால்தான் தொடுகிறதா, நான்தான் பயத்தில் இல்லாததைப் பார்க்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீ ஐஸ்காரன். உனக்கு என் மேல் பயம் இல்லை, பாசமும் இல்லை" என்றார். அது தப்பு, பாசம் இருந்தது. "இன்றைக்கு ஒரு வட்டம் போடுகிறேன். நீ முட்டி போட்டுப் பார்த்து எத்தனை கோடு என்று சொல். ஒன்று என்றால் நான் வீட்டுக்குப் போவேன், குளிர்காலத்தில் அந்தக் குளத்தில் ஓடுவேன். இரண்டு என்றால் அவள் எனக்காகக் காத்திருக்கிறாள். நான் இப்படியே வெயில் ஊராகப் பார்த்துப் போய்விடுவேன்."

வட்டம் போட்டு ஒதுங்கி நின்றார். நான் போனேன், முட்டி போட்டேன். அவருடைய கோடு. ஒரு சாண் உள்ளே, ஐஸின் அடியில், அந்த மெல்லிய கோடு. அதுவரை நான் பார்த்ததிலேயே தெளிவாக இருந்தது. குளிர் முட்டி வழியாக ஏறியது. திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதுப் பெண், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளையாட்டம் நின்றார். அம்மா வீடு சும்மா கிடக்கிறது. இன்னும் எத்தனை ஊர் ஓடுவார் என்று என் மனசு கேட்டது.

"ஒண்ணுதான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, வெந்நீர் விடு என்றார். பத்து நாளில் ஊருக்குப் போய்விட்டார்.

அவரை ஏற்றிவிட்டு விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து என் மனைவி நூர்ஜகானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். பொய் சொன்னது கூடப் பரவாயில்லை, தாங்கும்னு நீங்களும் சொல்லி அனுப்பிட்டீங்களே என்றாள். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. கரையோரம் தட்டிவிட்டு ஏவாவிடம் யிட்கா சொன்ன அதே வார்த்தையைத்தான் நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். 

உண்மையை எழுதிவிடலாம் என்று எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்தேன். அவர் அம்மாவின் தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கிற படம் அனுப்புவார். சிரிக்கிற முகத்தைப் பார்த்தால் எழுதக் கை வராது. அதற்குப் பதில் ஒரு வேலை கண்டுபிடித்தேன். நவம்பர் பிறந்தால் போனில் அந்த ஊரின் குளிரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். இரண்டு டிகிரி, நான்கு டிகிரி என்று இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்பேன். பூஜ்யத்துக்குக் கீழே ஒரு ராத்திரி போனால் எனக்கு இங்கே வேர்க்கும். "நம்ம ஊர்ல மழை வருமான்னு கேட்டா தெரியாது. எங்கேயோ கிடக்கிற குளம் உறையுதான்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க" என்பாள் நூர்ஜகான். திட்டுவாளே தவிர, மத்தியானம் அவளே வந்து என்ன ஆச்சு என்று கேட்பாள்.

அல்லாவின் கருணை, வருஷாவருஷம் குளம் சரியாக உறையவில்லை. இப்போதெல்லாம் குளிர் முன்போல் இல்லை என்று யிட்கா குறைப்பட்டு எழுதுவார். எனக்கு அதைப் படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கும்.

இந்த வருஷம் ஜனவரியில் மைனஸ் எட்டு என்று காட்டியது. அடுத்த நாள் மைனஸ் பதினொன்று. ஒரு வாரம் இறங்கிக்கொண்டே போனது. எட்டாம் நாள் சாயங்காலம் நான்கரைக்கு ஒரு படம் வந்தது. அங்கே அப்போது நடுப்பகல். வெயில் அடிக்கிற குளம், பனியைக் கூட்டி ஒதுக்கிய இடம், நடுவில் ஒரு வட்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். ஒரு சாண் உள்ளே, தூள் இல்லாமல், மங்கலாக இன்னொன்று இருந்தது.

எப்படி நம்பரை அழுத்தினேன் என்று தெரியாது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சலாம்கூடச் சொல்லாமல், "கரைக்கு வந்துடுங்க. நான் பொய் சொன்னேன். அன்னைக்கும் ரெண்டு கோடு இருந்துச்சு" என்றேன்.

 "தெரியும், சையது" என்றார். "ஒரே கோட்டைப் பார்க்கிறவன் எண்ண மாட்டான். நீ எண்ணினாய். உன் உதடு அசைந்தது."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஏன் போனீங்க என்று கத்தியேவிட்டேன். நூர்ஜகான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என் கால்தான், என் பயம்தான் என்று இருந்தால் எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை. நீயும் பார்த்தாய். அப்படியென்றால் அவள் இங்கே இருக்கிறாள். பதினெட்டு வயதுப் பெண்ணை இந்தக் குளிரில் விட்டுவிட்டு நான் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன்" என்றார். குரலில் அழுகை இல்லை. பிறகு, "இன்றைக்கு நடுக்குளம் வரை தட்டிப் பார்த்தேன். முழுக்கத் தட்டினேன். தாங்கும்" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் பேச்சுக்குப் பின்னால் பிளேடு ஐஸை அறுக்கிற சத்தம். நீளமாக வந்து, நின்று, கால் மாறி, மறுபடி நீளமாக. நான்கு வருஷம் தினமும் கேட்ட சத்தம் அது, எனக்குத் தப்பாது. பேசிக்கொண்டே ஓடுறீங்களா என்று கேட்டேன். இல்லை, நிற்கிறேன் என்றார். வேற யாராவது இருக்காங்களா என்றேன். யாரும் இல்லை என்றார்.

"உனக்கும் கேட்கிறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இந்த முறை நான் யோசிக்கவில்லை. "கேக்குது" என்றேன்.

போனைக் கீழே, ஐஸின் மேலேயே வைத்தார் போலிருக்கிறது. இரண்டாவது பிளேடு கிளம்பிய சத்தம் கேட்டது. ஒன்று கனம், ஒன்று மெலிசு. நூர்ஜகான் என் கையைப் பிடித்துக்கொண்டு பயம் வந்தால் காவலுக்கு ஓதுகிற குர்ஸி ஆயத்தை ஓத ஆரம்பித்தாள். நான் உடைகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஐஸ் உடைவதற்கு முன்னால் ஒருமுறை முனகும், அதுவும் எனக்குத் தெரியும். முனகவில்லை. கனமான சத்தம் ஒரு வட்டம் சுற்றி, கால் மாற்றி, இன்னொரு வட்டமும் சுற்றி வந்து நின்றது. காலடி நெருங்கியது, போனை எடுத்தார்.

"முடித்துவிட்டேன், சையது" என்று மூச்சு வாங்கச் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகும் பின்னால் அந்த மெலிசான பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது.